இரண்டடித் தொட்டி போதவில்லை: 4 அடியா, 6 அடியா?

பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

வணக்கம். மூன்று வருடமாக ஒரு 2 அடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். 24×12×15 அங்குலம். கணக்குப்படி 70 லீற்றர்; கல்லும் மணலும் போக 55 லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்காது. உள்ளே இரண்டு கோமாளி மீன், பவுடர் புளூ டாங் என்ற நீல மீன் ஒன்று, பவளங்களில் ஒரு லெதர் கோரல், கொஞ்சம் மஷ்ரூம், கொஞ்சம் ஸோவா.

டாங் வாங்கும்போது தீப்பெட்டி அளவுதான். இப்போது உள்ளங்கை அளவு. இரண்டு தரம் வாலடித்தால் மறுபக்கக் கண்ணாடி வந்துவிடுகிறது. திரும்புகிறது, திரும்பவும் கண்ணாடி. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டுகிறது. லெதர் கோரல் ஒரு நண்பர் வெட்டித் தந்த துண்டு. அப்போது பெருவிரல் அளவு, இப்போது சாப்பாட்டுக் கோப்பை போல விரிந்து நிற்கிறது. அதன் நிழலில் ஸோவா எல்லாம் சுருங்கிப்போய்விட்டன.

ஆசை 6 அடி: 72×24×24. வீட்டுத்திட்ட வீடு, மேலே அஸ்பெஸ்டஸ். ஏசி இல்லை, மின்விசிறி மட்டும். கிணற்றுத் தண்ணீர். மின்வெட்டு உங்களுக்கே தெரியும். மனைவியின் நிபந்தனை ஒன்றுதான்: குளிர்சாதனப் பெட்டியை விடப் பெரிதாக எதுவும் ஹோலுக்குள் வரக்கூடாது.

வன்னிக்குள் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். யூரியூப்பில் பார்ப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர் தண்ணீரைச் சூடாக்குகிற கதை.


மாங்குளத்து_6அடி

6 அடிதான் தம்பி. யோசிக்கவே வேண்டாம். 72×24×24 என்றால் 680 லீற்றர். தண்ணீர் கூடக் கூட எல்லாம் மெதுவாகத்தான் மாறும்: வெப்பமும், உப்பும், அழுக்கும். 55 லீற்றரில் ஒரு மீன் செத்து ஒரு இரவு கிடந்தால் காலையில் எல்லாம் போய்விடும். 600 லீற்றரில் அது பெரிய விசயமே இல்லை.

4 அடி வாங்குகிறவன் இரண்டு வருடத்தில் 6 அடி வாங்குவான். இரண்டு தரம் காசு. டாங்குக்கு ஓட இடம் வேண்டும், அது 20 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும் மீன். என்னுடையது நாலு வருடமாக 6 அடியில் ஓடுகிறது.


சிப்பியக்கா (வவுனியா)

டாங்கைப் பற்றி மாங்குளத்து அண்ணை சொன்னது சரி. மற்றதில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

தம்பி, நீங்கள் கண்ணாடியின் நீளத்திலிருந்து யோசிக்கத் தொடங்குகிறீர்கள். நான் வாளியிலிருந்து தொடங்குவேன். கிழமைக்கு 10 வீதம் தண்ணீர் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடித் தொட்டியும் அதன் சம்பும் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்ந்தால் 750 லீற்றர் வரும். அப்படியென்றால் கிழமைக்கு 75 லீற்றர் புதுக் கடல்நீர். லீற்றருக்கு ஏறத்தாழ 36 கிராம் உப்புக்கலவை, ஆக 2.7 கிலோ. அந்த 75 லீற்றரும் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லீற்றர் தர மூன்று லீற்றரை வெளியே விடும். 300 லீற்றர் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், ஆவணி மாதத்திலும்.

இது மாற்றுகிற தண்ணீர் மட்டும். ஆவியாகிப் போகிற தண்ணீரை இன்னும் சொல்லவில்லை. என்னுடையது 4 அடி நீளம், 2 அடி அகலம். விசிறி ஓடும் நாட்களில் 7, 8 லீற்றர் ஆவியாகிறது. அதற்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், கடல்நீர் அல்ல. உப்பு ஆவியாவதில்லையே. கிழமைக்கு 50 லீற்றர் அதற்கே போய்விடுகிறது.

இரண்டடித் தொட்டிக்கு நீங்கள் வாளி தூக்கியது விளையாட்டு. பெரிய தொட்டிக்கு அது ஒரு வேலை. இந்த வேலையை ஐந்து வருடம் செய்வீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.


பொடியன்_புதுக்குடியிருப்பு

ஒரு மொக்குக் கேள்வி. உப்புக்கலவை விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பக்கத்தில் ஆனையிறவு உப்பளம் இருக்கிறது. அந்த உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் வராதா? கடலிலிருந்து எடுத்த உப்புத்தானே அது.


சிப்பியக்கா (வவுனியா)

மொக்குக் கேள்வி இல்லை. எல்லோரும் ஒரு தரம் யோசிப்பதுதான், நானும் யோசித்தேன்.

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்ற விடுவார்கள். முதலில் சுண்ணாம்பு படியும். பிறகு ஜிப்சம். இரண்டும் முன்பாத்திகளிலேயே தங்கிவிடும். கடைசிப் பாத்தியில் விளைவதுதான் நாங்கள் சமைக்கிற உப்பு. அதை அள்ளிய பிறகு மிஞ்சும் கைப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் இருக்கும், அதை வடித்துவிடுவார்கள். ஆகவே கையில் கிடைப்பது ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைட். நல்ல உப்பளத்தின் வேலையே மற்றவற்றைக் களைவதுதான்.

பவளத்துக்கு வேண்டியது அந்தக் களைந்தவை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கும். ஆனையிறவு உப்பில் கறி வைக்கலாம், கருவாடு போடலாம். தொட்டிக்கு ஆகாது.


அலைவாய் (முல்லைத்தீவு)

உப்பைக் கரைப்பது எதற்கு? கடல் இங்கேதானே இருக்கிறது. நான் பதினொரு வருடமாகக் கடல்நீர்தான் பாவிக்கிறேன். உப்புக்கலவை ஒரு பை வாங்கியது கிடையாது.

ஆனால் எப்போது எடுப்பது, எங்கே எடுப்பது என்று தெரிய வேண்டும். கரையில் நின்று வாளியால் கோலக்கூடாது. மணலும் அழுக்கும் எஞ்சின் எண்ணெயும் அதில்தான் இருக்கும். படகில் போகிறவர்களிடம் கானைக் கொடுத்து, அலை உடைகிற இடத்துக்கு வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். வாடைக்காலத்தில் எடுக்கவே கூடாது. மாரியில் நந்திக்கடல் நிரம்பி வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் திறந்தால் குளத்து நீரும் வயல் நீரும் கடலுக்குள் இறங்கும். அப்போது கடல் பால் தேத்தண்ணி நிறம். உப்பும் குறைந்திருக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை எங்கள் பக்கம் கடல் தெளிவு. அப்போதுகூட உப்பு அளக்கும் ரிஃப்ரக்ரோமீற்றரில் பார்த்து 1.025 காட்டினால்தான் எடுப்பேன். மாரிக்குத் தேவையானதைப் புரட்டாதிக்குள் எடுத்து, மூடிய ட்ரம்மில் இருட்டில் வைத்துவிடுவேன். விட முன்பு ஒரு நாள் பம்பு போட்டுச் சுற்ற விட வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாக வந்தால் 50 கிலோமீற்றருக்கு மேல். 4 அடிக்கு மாதம் 20 லீற்றர் கான் ஒன்பது போதும். பட்டா லொறியில் ஒரு முறை வந்தால் இரண்டு மாதத்துக்கு ஏற்றிவிடலாம்.

இன்னொன்று. கடல்நீர் எடுக்க வருகிறவர்கள் அப்படியே வலையில் வந்த முருகைக்கல்லையும் கேட்கிறார்கள். தர மாட்டேன். கல் பவளம் எல்லாம் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் அனுமதி வேண்டும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இலேயே சேர்ந்துவிட்டது. கடதாசி இல்லாமல் யாராவது அக்ரோபோரா போன்ற கல் பவளம் விற்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1998இலும் 2016இலும் சூடேறி வெளுத்த பாறைகள் இவை. மிச்சம் இருப்பதாவது கடலில் இருக்கட்டும்.


பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

அலைவாய் அண்ணை, நன்றி. கல் பவளம் எனக்கு எண்ணமே இல்லை. லெதர், மஷ்ரூம், ஸோவா போதும், நண்பர்களிடமிருந்து வெட்டிய துண்டுகள்தான்.

அக்கா, வாளிக் கணக்கைப் பார்த்து நேற்று இரவு நித்திரை வரவில்லை. 6 அடி ஆசை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் வெப்பம்தான் பெரிய பயம். போன வைகாசியில் மத்தியானம் தொட்டி 32 பாகை போனது. மஷ்ரூம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. சில்லர் வாங்காமல் முடியாதா?


குளிர்வேலை (நெளுக்குளம்)

ஏசி, பிரிஜ் திருத்துவது என் தொழில். மீன் வளர்ப்பதில்லை. ஆனால் சில்லர் பூட்டச் சொல்லிக் கேட்பார்கள், ஆகையால் சொல்கிறேன்.

சில்லர் குளிரை உண்டாக்குவதில்லை. தண்ணீரிலிருக்கும் சூட்டை எடுத்து அறைக்குள் தள்ளுகிறது, தன் சூட்டையும் சேர்த்து. சின்ன ஹோலில், மேலே அஸ்பெஸ்டஸ், ஜன்னல் பூட்டு, அலுமாரிக்குள் சில்லர் என்றால் என்ன நடக்கும்? அறை சூடாகும், அறைச் சூடு தொட்டிக்குள் போகும், சில்லர் இன்னும் ஓடும். ஒரு வீட்டில் நாள் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி சில்லரை விறாந்தையில் நிழலில் வைத்தோம், பாதி நேரம்தான் ஓடுகிறது.

அதற்கு முன்பு விசிறியைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துப் போகும் வெப்பம், 100 லீற்றர் தண்ணீரை ஏறத்தாழ 6 பாகை குறைக்கப் போதும். அக்கா சொன்ன 8 லீற்றர் என்பது இரவும் பகலும் 225 வாட்ஸ் சூட்டை வெளியே எடுப்பதற்குச் சமம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

வன்னிக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். எங்களுக்கு வெயில் கொளுத்தும் காலம் சோழகக் காற்று வீசும் காலம், காற்று காய்ந்திருக்கும். காய்ந்த காற்றில் விசிறி நன்றாக வேலை செய்யும். ஈரக்காற்றான கார்த்திகை, மார்கழியில் விசிறி அவ்வளவு எடுபடாது, அப்போது வெயிலும் இல்லை. கொழும்புக்காரருக்கு வருடம் முழுக்க ஈரம், அவர்களுக்குச் சில்லர் இல்லாமல் சரிவராது.

செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. லைற்றை மத்தியானம் எரிக்காதீர்கள். பின்னேரம் 4 மணிக்குப் போட்டு இரவு 12க்கு நிறுத்துங்கள். கூரைச் சூடும் லைற் சூடும் ஒரே நேரத்தில் விழாது. நீங்கள் வேலையால் வந்து பார்க்கிற நேரமும் அதுதானே.


சிப்பியக்கா (வவுனியா)

லைற் விசயம் அருமை. நான் மூன்று வருடமாக அப்படித்தான். கூரைக்குக் கீழே சீலிங் அடித்ததும் பெரிய வித்தியாசம். இப்போது என் தொட்டி மத்தியானம் 28ஐத் தாண்டுவதில்லை, சில்லர் இல்லை. ஆனால் சித்திரையில் காற்றே இல்லாத பத்து நாட்கள் வரும். அப்போது 29.5 வரை போகும். மென்பவளங்கள் தாங்கிக்கொண்டன. அக்ரோபோரா வைத்திருந்தால் தாங்கியிருக்காது.


மாங்குளத்து_6அடி

விசிறி, சீலிங் எல்லாம் சரி. ஆனால் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறும். பெரியது ஏறாது. நான் திரும்பவும் சொல்கிறேன், 6 அடி.


அலைவாய் (முல்லைத்தீவு)

அண்ணை, உங்கள் 6 அடியில் இப்போது என்னென்ன பவளம் நிற்கிறது? போன வருடம் ஒரு படம் போட்டிருந்தீர்கள், அதில் கல்லைத்தான் கண்டேன்.


மாங்குளத்து_6அடி

உண்மையைச் சொன்னால், பவளம் இப்போது இல்லை. 2022 மின்வெட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதே, அப்போது பாதி போனது. சில்லர் ஓட ஜெனரேற்றர் போட்டால் எண்ணெய் இல்லை. மிச்சம் அடுத்த வருடம். மின் பட்டியலைப் பார்த்துச் சில்லரை நிறுத்திவிட்டேன். இப்போது மீன் மட்டும்தான். டாங் ஒன்று, கிளாத்தி ஒன்று, ஒரு பேத்தை. சந்தோசமாக ஓடித் திரிகின்றன.


சிப்பியக்கா (வவுனியா)

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணை :)

குறை சொல்லவில்லை. இதுதான் தம்பிக்கு வேண்டிய பதில். மீனுக்கும் பவளத்துக்கும் ஒரே தொட்டி கேட்கிறார், ஆனால் இரண்டும் கேட்பது வேறு வேறு. டாங் கேட்பது நீளம். 30 பாகை வந்தாலும் காற்று ஓட்டம் இருந்தால் சமாளிக்கும். பவளத்துக்கு நீளம் தேவையில்லை. மாறாத சூடு, மாறாத உப்பு, சுத்தமான தண்ணீர், பக்கத்தில் உள்ளதோடு முட்டாத இடைவெளி, இவைதான் வேண்டும். 6 அடியில் இரண்டையும் வைத்திருக்கச் செலவு செய்யக்கூடியவர்கள் வைக்கலாம். முடியாவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்பி, நீங்கள் எதற்காகத் தொட்டி முன்னால் உட்காருகிறீர்கள்?


பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

நல்லாக் கேட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன்.

பவளத்துக்காகத்தான். இரவில் ஸோவா ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்ப்பேன். டாங் அழகு, ஆனால் அதைப் பார்த்தால் இப்போது குற்ற உணர்ச்சிதான் வருகிறது. அதை முல்லைத்தீவுக் கடலில் விட்டுவிடலாமா? எங்கள் கடல் மீன்தானே.


அலைவாய் (முல்லைத்தீவு)

விடக்கூடாது. பவுடர் புளூ எங்கள் கடலில் இருக்கிறதுதான். உங்களுடையது எந்தக் கடலில் பிடித்தது, கடையில் எந்த நாட்டு மீனோடு ஒரே தண்ணீரில் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. தொட்டியில் தொற்றிய நோயைக் கடலுக்குள் கொண்டுபோய் விடுவதாகிவிடும். மூன்று வருடம் கையால் சாப்பாடு போட்ட மீன், கலவாய் வந்தால் ஒளியத் தெரியாமல் நிற்கும். யாராவது பெரிய தொட்டிக்காரரிடம் கொடுங்கள்.


கண்ணாடிவேலை (வவுனியா)

அலுமினியம், கண்ணாடி வேலை செய்கிறேன். மீன்தொட்டியும் ஒட்டுவோம். 4 அடி என்று முடிவானால் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

கடையில் நிற்கும் 4 அடி பெரும்பாலும் 48×18×24. உயரம் 24, அகலம் 18. முன்னால் நின்று பார்த்தால் பெரிதாகத் தெரியும், அதற்காகவே அப்படிச் செய்வது. அது 340 லீற்றர். அதே 4 அடியை 48×24×20 ஆகச் செய்தால் 378 லீற்றர், தண்ணீரின் மேற்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூட. கண்ணாடியில் விழும் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, நாலு அங்குலம் குறைந்தால் தொட்டிக்கு அவ்வளவு நல்லது. கையும் அடிவரை போகும். 24 அங்குல உயரத்தில் மணலில் விழுந்த ஒரு துண்டை எடுக்கத் தோள்வரை நனைய வேண்டும்.

12 மில்லிமீற்றர் கண்ணாடி, மேலே சுற்றிவரப் பட்டி. வெறும் தொட்டியே 80 கிலோவுக்குக் கிட்ட வரும். சிலிக்கன் வாங்கும்போது குளியலறைக்கு என்று விற்கும் பூஞ்சணத் தடுப்புச் சிலிக்கன் வேண்டாம், அதிலுள்ள மருந்து தண்ணீரில் இறங்கும். ஒட்டி ஒரு கிழமை காய விட வேண்டும். தண்ணீர் வழிந்து சம்புக்குப் போக ஓட்டை போடுவதென்றால் ஒட்ட முதலே சொல்லுங்கள். வலுவூட்டிய கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, துண்டு துண்டாகச் சிதறும்.

தண்ணீர் 385 கிலோ, தொட்டி 80, கல், மணல், கீழே சம்ப். 600 கிலோவை எதில் வைக்கப் போகிறீர்கள்?


பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

வீட்டில் அப்பா காலத்து முதிரைப் பலகை கிடக்கிறது. அதில் ஸ்ரான்ட் அடிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.


கண்ணாடிவேலை (வவுனியா)

முதிரை பாரம் தாங்கும், கறையானும் சுலபத்தில் தொடாது. அதை அறுத்து மீனுக்குக் கொடுக்க மனம் வருமா? நான் என்றால் சீமெந்துக் கல்லால் மூன்று தூண் கட்டி மேலே பலகை போடுவேன். இரும்புப் பெட்டிக் குழாய் என்றால் உப்புத் தண்ணீர் இரண்டு வருடத்தில் தின்றுவிடும், எவ்வளவு பெயின்ற் அடித்தாலும்.

கவனிக்க வேண்டியது நிலம். வீட்டுத்திட்ட வீடுகளில் உள்ளே மண் நிரப்பி மேலே மெல்லிய சீமெந்து போட்டிருப்பார்கள். நாலு காலில் 600 கிலோவை நிறுத்தினால் ஒரு கால் இறங்கும், கண்ணாடி முறுகும். பாரம் பரவலாக விழ வேண்டும், சுவர் ஓரமாக இருக்க வேண்டும். காலால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கும் இடத்தில் வைக்காதீர்கள்.


சிப்பியக்கா (வவுனியா)

48×24×20தான் என்னுடையதும். 18 அங்குல அகலத்தில் கல்லை அடுக்கினால் பின்கண்ணாடியோடு ஒட்டிய மதில் போல வரும், பின்னால் அழுக்குத் தேங்கும். 24இல் கல்லை நடுவில் இரண்டு திட்டாக வைக்கலாம், சுற்றிவரத் தண்ணீர் ஓடும். உங்கள் லெதரை ஒரு திட்டில் தனியாக வையுங்கள். அது இன்னும் வளரும், தன்னைச் சுற்றி மற்றப் பவளம் வளராமல் ஒருவித இரசாயனமும் விடும். சம்பில் தண்ணீர் வடிகட்டும் கரி ஒரு பை போட்டுவையுங்கள்.

சம்ப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது, ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். இந்த அளவுத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது 19 லீற்றர். கரண்ட் நின்றால் பம்பு நிற்கும், மேலே இருக்கும் தண்ணீர் வழியும் மட்டம் வரை கீழே இறங்கும். அது சாதாரணம், அதற்குச் சம்பில் இடம் விட்டிருப்போம். நான் செய்த பிழை, மேலே தண்ணீர் திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே வைத்தது. கரண்ட் நின்றதும் அந்தக் குழாயே தண்ணீரைத் திருப்பி உறிஞ்சத் தொடங்கியது. நாலு அங்குலம், 76 லீற்றர். சம்பில் இடம் இருந்தது 30க்கு. இரவு இரண்டு மணிக்குப் பாய் நனைந்துதான் எழும்பினேன்.

குழாய் வாய் நீர்மட்டத்துக்குச் சரியாகக் கீழே, அரை அங்குலம் போதும். சம்ப் 30×15×15 என்றால் 110 லீற்றர், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தொட்டி வந்த முதல் நாளே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மின்வெட்டு வந்து சோதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.


குளிர்வேலை (நெளுக்குளம்)

மின்வெட்டு என்றதும் ஒன்று. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டது ஞாபகமா? பாணந்துறை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் வந்தது. மாங்குளத்து அண்ணையின் டாங் அந்தக் குரங்கை மன்னித்திருக்காது.

மெயின் பம்பு, லைற், அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் இன்வேட்டரில் போட வேண்டாம். அலையடிக்கும் சின்ன டிசி பம்பு ஒன்று, 10 வாட்ஸ், அது மட்டும் பற்றறியில் ஓடட்டும். 100 ஆம்பியர்-மணி பற்றறியின் பாதியை மட்டும் பாவித்தாலும் இரண்டு நாள் ஓடும். தண்ணீர் அசைந்தால் மீன் தப்பும்.

செலவு: திரும்பும் பம்பு 40 வாட்ஸ், ஸ்கிம்மர் 20, அலை 20, லைற் 150 எட்டு மணித்தியாலம். நாளுக்கு 3 அலகுக்குக் கொஞ்சம் மேல், மாதம் 95. சில்லர் சேர்த்தால் இன்னும் 60 போகும். வீட்டுப் பாவனையோடு சேர்த்து 180ஐத் தாண்டினால் கட்டணப் படி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.


பொடியன்_புதுக்குடியிருப்பு

சூடு கூடினால் மீன் மேலே வந்து வாய் திறக்கிறதே, அது சூடு தாங்காமலா?


சிப்பியக்கா (வவுனியா)

சூட்டால் காற்றுக் குறைந்துவிடுகிறது. 25 பாகைக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30இல் 6.2தான். அதே நேரம் மீனுக்குச் சூட்டில் தேவை கூடும். ஆகையால்தான் மேற்பரப்பு அகலமான தொட்டி என்று கண்ணாடித் தம்பி சொன்னது இங்கே இரட்டிப்பு முக்கியம்.


பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

முடிவு: 48×24×20, 12 மி.மீ., ஓட்டையோடு. சீமெந்துக் கல் தூண். சில்லர் இப்போது இல்லை, சீலிங்கும் விசிறிகளும். ஆடி வரை கடல்நீர், பிறகு பார்ப்போம். மனைவி குளிர்சாதனப் பெட்டியை அளந்து பார்த்தார், உயரத்தில் தொட்டி குறைவு, நீளத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பழைய தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாமா?


சிப்பியக்கா (வவுனியா)

அவசரப்படாதீர்கள். புதுக் கல்லையும் தண்ணீரையும் போட்டு ஓட விடுங்கள், பழைய தொட்டிக் கல்லில் ஒன்று இரண்டை உள்ளே வையுங்கள், அதிலுள்ள பக்ரீரியா பரவும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று தொடர்ந்து காட்டிய பிறகு பவளம், அதன் பிறகு கோமாளி. நாலு கிழமையாவது போகும். பழைய மணலைக் கொண்டுபோக வேண்டாம், மூன்று வருட அழுக்கு அதில் படுத்திருக்கிறது, கிளறினால் கிளம்பும். ஸோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதென்று கொதிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள். சில ஸோவாவில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு, ஆவியைச் சுவாசித்தாலே ஆபத்து. கையுறை போட்டே தொடுங்கள்.

2 அடியை விற்க வேண்டாம். புதிதாக வாங்கும் எந்த மீனும் அதில் நாலு, ஆறு கிழமை நின்றுவிட்டு வரட்டும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்து அதில் மட்டும் போடலாம். பவளம் இருக்கும் தொட்டியில் செப்புப் போட்டால் பவளத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆர்.ஓ. ட்ரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். டெங்கு பார்க்க வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என் ட்ரம்மைத் திறந்து பார்த்துவிட்டு முழுசாக ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தார்.


பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். தொட்டி வவுனியாவிலிருந்து பட்டாவில் வைக்கோல் மெத்தையில் வந்தது. கதவு 33 அங்குலம், உள்ளே வந்துவிட்டது. முதலில் முற்றத்து மாமரத்தின் கீழ் நிரப்பி மூன்று நாள் கசிவு பார்த்தோம், காகங்கள்தான் முதலில் குளித்தன. பக்கத்து வீட்டு ஆச்சி இதற்குள் யாரைக் குளிப்பாட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன் அக்கா. 26 லீற்றர் இறங்கியது, சம்ப் தாங்கியது. லெதரும் ஸோவாவும் உள்ளே. ஸோவா இரண்டு நாள் மூடிக் கிடந்து இன்று திறந்திருக்கிறது. மத்தியான வெப்பம் 28.2. கோமாளி இரண்டையும் போன கிழமை புதுத் தொட்டிக்குள் விட்டேன்.

டாங் மட்டும் இன்னும் 2 அடியில். மாங்குளத்து அண்ணை, கேட்க வெட்கமாக இருக்கிறது...


மாங்குளத்து_6அடி

கேட்க என்ன இருக்கிறது. இரண்டு கிழமைக்கு முன்பே இடம் ஒழுங்குபடுத்திவிட்டேன். என் டாங் பொல்லாதது, புதிதாக வந்ததை வாலால் வெட்டும். ஆகையால் ஓட்டைகள் போட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்று உள்ளே தொங்குகிறது, உங்களுடையது பத்து நாள் அதற்குள் நின்று ஆளையாள் பார்க்கட்டும். அதற்கும் முதலில் தனித் தொட்டியில் ஒரு மாதம், இல்லாவிட்டால் சிப்பியக்கா ஏசுவார்.

ஞாயிறு வெயில் ஏற முதல் வாருங்கள். மூடியுள்ள 20 லீற்றர் வாளி, அரைவாசி தண்ணீர், பற்றறிக் காற்றுப் பம்பு. முதல் நாள் சாப்பாடு போட வேண்டாம். ஏ9இல் முறிகண்டியில் நிற்பாட்டிக் கச்சான் வாங்குகிற வேலையைத் திரும்பிப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.